உப்பு வண்டிக்காரன் கேட்காதது

உள்ளே அவர் மறுபடியும் அந்தப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். அடுப்படியில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த துளசிமணியின் கை அப்படியே நின்றது. தண்ணி குடி தாயி, தண்ணி குடி, நெஞ்சு ஆறட்டும், அப்பறம் பேசு. சோறு ஊட்டி, வாயைத் துடைத்து, தலையணையைச் சரித்து வைத்துவிட்டு வந்து கை ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் என்ன. பசியாக இருக்க முடியாது. ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டியிருக்கிறாள், கடைசி வாய் வரைக்கும் வாங்கிக்கொண்டார், துப்பவில்லை. தாகமாகவும் இருக்காது. தாகம் என்று நினைத்தாலே அவளுக்குத் தன்மேல் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். ஆஸ்பத்திரியில் கண் விழித்து முதன்முதலாக அவர் இதைப் பாடியபோது தண்ணீர்தான் கேட்கிறார் என்று நினைத்தாள், வார்டே அப்படித்தான் நினைத்தது. ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார், திருப்பிய பக்கமாகவே மறுபடியும் தண்ணி குடி தாயி என்றார். அப்புறம்தான் டாக்டரம்மா விளக்கினார். பேச்சு மூளையில் ஒரு பக்கம் இருக்கிறது, பாட்டு இன்னொரு பக்கம் இருக்கிறது, அடைப்பு வந்தது பேச்சுப் பக்கம், வலது கையும் வலது காலும் பேச்சும் சேர்ந்து போயிற்று, பாட்டில் ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, சிலபேருக்கு இப்படி ஆகும். அவர் எதைச் சொல்ல நினைத்தாலும் அந்தத் துண்டுதான் வாயில் வரும், அதனால் வார்த்தைக்கு அர்த்தம் பார்க்காதீங்கம்மா, முகத்தைப் பாருங்க. முகத்தைப் பாருங்க என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாள்முதல் வருசத்தில் பாதிக்குமேல் இந்த முகம் வீட்டில் இருந்ததே இல்லையே. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் போனதுதான், தீபாவளிக்கு ஒரு தடவை, மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு தடவை, முகத்தில் கல்மாவு வெளுப்போடு வந்து இறங்குவார், அந்த வெளுப்பு முழுக்கப் போவதற்குள் போன் வந்துவிடும். முகத்தைப் படிக்கச் சொன்னால் எப்படிப் படிப்பாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள்.

கட்டிலில் நாச்சிமுத்து சாய்ந்திருந்தார். வாய் வலது பக்கமாகத் தொங்கி, அந்த ஓரத்தில் எச்சில் மினுங்கியது. ஆனால் குரல் கோணவில்லை, அதுதான் ஆச்சரியம், குரல் மட்டும் நேராக வந்தது, நோயாளியின் குரல் மாதிரியே இல்லை. துளசிமணி எப்போதும் போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள், அப்போதுதான் வெளிச்சம் அவர் முகத்தில் விழும். என்னுங்க வேணும் என்றாள். தண்ணி குடி தாயி. ஒண்ணுக்கு வருதுங்களா. தண்ணி குடி. போர்வையைத் தூக்கிப் பார்த்தாள், வேட்டி காய்ந்துதான் இருந்தது, இருந்தாலும் பாட்டிலை எடுத்து வைத்துக் காத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை, அவர் இடது கையால் பாட்டிலைத் தள்ளினார். முதுகு வலிக்குதுங்களா. புரட்டி முதுகைப் பார்த்தாள். படுக்கைப்புண் வரும் இடம் சிவந்திருந்ததே தவிரத் தோல் போகவில்லை, பவுடர் போட்டுத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்கப் பாட்டு. எறும்பு ஏதாவது ஏறிவிட்டதா என்று விரிப்பை உதறினாள். செத்த கால் எங்காவது மடங்கிக் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது, போன வாரம் அப்படித்தான் விரல் கட்டில் கம்பியில் மாட்டிக் கன்றிப் போயிருந்தது, ஆகவே காலை எடுத்து நீட்டி, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உடம்பு முழுக்கத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. காணாமல் போன சாமானைத் தேடுகிற மாதிரி ஒரு மனுசனைத் தேட வேண்டியிருக்கிறது. நெஞ்சு ஆறட்டும், அப்பறம் பேசு. யார் பேச, யார் நெஞ்சு ஆற. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டால் சில நாள் நின்றுவிடும். இன்றைக்கு நிற்கவில்லை. கையை உருவிக்கொண்டார்.

இந்தத் தாயி என்கிற வார்த்தைதான் அவளை முதலில் குத்தியது. கோபிப் பக்கம் யாரும் இப்படிக் கூப்பிடமாட்டார்கள், அம்மிணி என்பார்கள், ஆயா என்பார்கள், கண்ணு என்பார்கள். அவளை அவர் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டது அதிகமில்லை, இந்தா என்றால் அவள்தான். எல்லாம் அழிந்துபோன தலைக்குள்ளே, அவள் பேர் இல்லை, மகள் கோகிலவாணியின் பேர் இல்லை, குலதெய்வத்தின் பேர்கூட இல்லை, எவளோ ஒரு தாயி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். யார் அவள். லாரி போன ஊர்களில் எந்த ஊர்க்காரி. நாக்கு செத்த மனுசனிடம் சண்டை போடவா முடியும், ஆனால் அவள் போட்டாள், மனசுக்குள்ளேயே, சோறு ஊட்டும்போதும் மலம் துடைக்கும்போதும் போட்டாள், இப்பிடி ஒருத்தியெ வெச்சிருந்தீங்களாக்கும், அவ வந்து துடைக்கட்டும். வழிவிட்டான் போன் பண்ணுகிறவரை அப்படித்தான் ஓடியது. வழிவிட்டான் என்றால் போர் லாரியில் அவர்களுக்குச் சமையல் செய்தவர், கமுதிப் பக்கத்து ஆள், எப்போதோ வேலையை விட்டு ஊரோடு போய்விட்டவர், சேதி தாமதமாகத்தான் அவருக்கு எட்டியிருக்கிறது. அண்ணன் காதுல வைங்க மதினி, நான் பேசுறேன் என்றார். வைத்தாள். இவர் உடனே தண்ணி குடி தாயி என்று எடுத்தார். லைன் போய்விட்டதோ என்று அவள் போனை எடுக்கப் போகும்போது, வழிவிட்டான் நடுங்குகிற கிழட்டுக் குரலில் அடுத்த அடியைப் பாடினார்.

உப்பேத்திப் போற வண்டி
ஒத்த மாட்டு வண்டி தாயி
நெழலு வந்த வழி திரும்பும்
நீயும் நானும் போவம் தாயி

அது நாற்று நடுகிற பெண்கள் பாடுகிற கதைப்பாட்டாம். மழை பொய்த்த வருசத்தில் ஒருத்தி தனியாக நடந்து வந்து ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்து அழுகிறாள். ஊர்ப் பெரிய மனுசர் வருகிறார், எந்த ஊர்க்காரி, எவன் பெண்டாட்டி என்று கேட்கிறார், அவள் இன்னும் அழுகிறாள். மாட்டுத் தரகர் வருகிறார், என்ன குற்றம் செய்தாய், எதற்கு வந்தாய் என்று கேட்கிறார், அவள் இன்னும் அழுகிறாள். பூசாரி வருகிறார், எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு மறந்தாய் என்கிறார். கடைசியில் உப்பு வண்டிக்காரன் வருகிறான். அவன் ஒன்றும் கேட்பதில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு, குடுவையைச் சாய்த்து, தண்ணி குடி தாயி என்கிறான். வழிவிட்டான் இதைச் சொல்லி முடித்ததும் துளசிமணி கேட்டாள், அவ எதுக்குங்க அழுதா. வழிவிட்டான் சொன்னார்.

"பாட்டுல அது இல்லை மதினி. அவந்தான் கேக்கலையே, அப்பறம் எப்படிப் பாட்டுல வரும்."

அதோடு அவர் வைத்திருந்தால் தேவலை. வைக்கவில்லை. அண்ணனுக்கு நாந்தான் இதைப் பாடினேன் மதினி, உங்க தலைப்பிள்ளை போச்சுல்ல, அப்ப என்றார். சேதி லாரிக்கு வந்ததும் அவர் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாராம். மேலே டிரில் ஓடுகிறது, கல்மாவு கொட்டுகிறது, இவர் அடியில் கிடக்கிறார், எழுந்திரு என்றால் எழவில்லை, சோறு என்றால் வேண்டாம், பேச்சே இல்லை, முதலாளி வந்து அதட்டிப் பார்த்தும் ஆகவில்லை. கடைசியில் வழிவிட்டானும் அடியில் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தன் ஆத்தா நடவில் பாடுகிற இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார், சொம்பை நீட்டியிருக்கிறார். அப்பத்தான் மதினி அண்ணனுக்கு அழுகையே வந்துச்சு, அழுது முடிச்சுக் குடிச்சாக என்றார். துளசிமணி சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்குத் தெரிந்த நாச்சிமுத்து அழுததே இல்லை. கோபி ஆஸ்பத்திரியில் பிள்ளையை அவளுக்குக் காட்டக்கூட இல்லை, ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், பையன் என்று மட்டும் அண்ணி சொன்னாள். மார்பில் பால் கட்டி, தொட முடியாமல், காய்ச்சலோடு கிடந்தாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மத்தியானம் அவர் பையோடு வந்து நின்றார். அவள் சுவரோரம் சாய்ந்து அவர் வாயையே பார்த்தாள், ஏதாவது சொல்லுவார் என்று. கை கால் கழுவினார். சாப்பிட்டார். விடு, பாத்துக்கலாம் என்றார். சாயங்காலம், அப்போது குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வெடித்துக் கிடந்த தண்ணித்தொட்டிக்குச் சிமெண்டு பூசினார். கரண்டி சிமெண்டை வழிக்கிற சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. கல்லு மனுசன் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள், அந்த முடிவின்மேலேயே மிச்சக் குடித்தனத்தையும் கட்டினாள். இப்போது தெரிகிறது, அன்றைக்கு அவர் வந்து நின்றபோது அந்தப் பாட்டு அவரிடம் இருந்திருக்கிறது. அழுது முடித்துவிட்டு, ஆறிப்போய், பாட்டை நெஞ்சுக்குள்ளே வைத்துக்கொண்டுதான் அவள் முன்னால் நின்றிருக்கிறார். ஒரு வாய், ஒரே ஒரு வாய் அவளுக்குத் தந்திருக்கலாம். தரவில்லை. வெட்கமா, ஆம்பளை பாடுவதா என்றா, இல்லை பாடினால் தானும் உடைந்துவிடுவோம் என்றா. கேட்கவும் முடியாது இனி. கேட்டால் தண்ணி குடி தாயி என்பார். நாளெல்லாம் சொல்கிறார் இப்போது, அர்த்தம் செத்த பிறகு.

கட்டிலில் அவர் குரல் உயர்ந்தது. அவள் திடுக்கிட்டு எழுந்தாள். வழக்கமாக இப்படிப் பாடமாட்டார், மெதுவாகத்தான் முனகுவார், இன்றைக்குத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க. இன்னொரு அடைப்பாக இருக்குமோ. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். வாய் கோணுகிறதா பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், ஏற்கெனவே கோணின வாயில் புதுக் கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது. கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள் என்றார். இடது கையெத் தூக்குங்க பாக்கலாம் என்றாள். தூக்கினார், ஆனால் அவள் முகத்துக்கு நேராகத் தூக்கி விரலை ஆட்டினார், கோபமாக, போ போ என்கிற மாதிரி. கண்ணில் தண்ணீர் நின்றது. வெயில்தான் கண்ணில் அடிக்கிறது போல, மத்தியானம் திரும்பினால் ஜன்னல் வழியாக நேராகக் கட்டிலுக்கு வந்துவிடும், அட இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று பின்னால் கையைவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். அவ்வளவுதான், அவர் கட்டில் கம்பியில் அடிக்க ஆரம்பித்துவிட்டார், இடது கை முட்டி படபடவென்று அடிக்கிறது, பாட்டு அறுந்து அறுந்து வருகிறது, தண்ணி தண்ணி தாயி தண்ணி. பயந்துபோய்த் திரையைத் திறந்துவிட்டாள். புழுக்கம், காற்றுக்குத்தான் போல. பேனைக் கூட்டி வைத்தாள். கோகிலவாணிக்குப் போன் போட்டாள், அடித்து அடித்து நின்றது, பனியன் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், தெரியும், தெரிந்தும் இன்னொரு தடவை போட்டாள். கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிடலாம் என்று படிவரை போனவளுக்கு, அவர்கள் கல்யாணத்துக்குப் போயிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இரண்டாம் மாடியிலிருந்து அவரை யார் இறக்குவது. போன மாதம் இப்படித்தான் பதறி நாலு பேர் கூடி நாற்காலியில் வைத்து இறக்கிக் கொண்டுபோனார்கள், அங்கே போனதும் அமைதியாகிவிட்டார், காதில் ஒரு பருவாம், அதுதான் வலித்திருக்கிறது, நர்ஸு அவளைப் பார்த்த பார்வை. ஆனால் இது பரு இல்லையென்றால். பரு என்று விட்டு, சாயங்காலம் மகள் வந்து பார்த்து, ஏம்மா கூப்புடல என்றால்.

"என்னத்தெ வேணும்னுதான் சொல்லித் தொலைங்களே," என்று கத்தினாள். "எனக்குத் தெரியலீங்க. தெரியவே இல்லீங்க."

அவர் ஒரு கணம் நிறுத்தினார், அவளைப் பார்த்தார், அவளைத் தாண்டிப் பார்த்தார், திரும்பவும் ஆரம்பித்தார். இது நின்றுவிட்டால் தேவலை என்று நினைத்தாள். நினைத்தபிறகு, பாட்டைச் சொன்னோமா மூச்சைச் சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை, தெரியாதது மேலும் பயமாக இருந்தது. கட்டில் ஓரத்தைப் பிடித்தாள், பிடித்தவள் அப்படியே அவர் வலது பக்கத்தில், உணர்ச்சி இல்லாத பக்கத்தில், ஒருக்களித்துச் சாய்ந்தாள். சீக்கு வந்தபிறகு இந்தக் கட்டிலில் அவள் படுத்ததில்லை. தலையணையில் ஒரு ஓரம் இடம் இருந்தது. அவர் தலைக்கும் அவள் தலைக்கும் நடுவில் எண்ணெய் வாசமும் பவுடர் வாசமும். செத்த கை அவள் இடுப்புக்கடியில் மாட்டிக்கொண்டது, அதை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள், அது கனமாக, சூடாக இருந்தது. இப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டால் என்ன. மூடினால் பாட்டு மண்டைக்குள்ளேயே கேட்கிறது. திறந்தாள். நேராக ஜன்னல் இருந்தது.

ஜன்னலில் எதிர்க் கட்டடம். வடக்கேயிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்களை அடைத்து வைத்திருக்கிற கட்டடம், வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படிக்கட்டு, தகிக்கிற வெயில். அந்தப் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நிழலே இல்லாத இடத்தில். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதில் முகத்தைப் புதைத்து. தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. கொஞ்சம் நிற்கும், பிறகு குலுங்கும். பக்கத்துப் படியில் ஒரு போன் கவிழ்ந்து கிடந்தது. துளசிமணி அவளைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை கிட்டத்தில் இருந்து பார்த்தபோது அவர் கண் எங்கே பார்க்கிறது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. தண்ணி குடி தாயி, தண்ணி குடி. எத்தனை நேரமாக. சோறு ஊட்டியதிலிருந்து. அவள் முன்னால் வந்து நின்று மறைத்தபோதெல்லாம், திரையை இழுத்தபோது, பாட்டிலை வைத்தபோது. டாக்டரம்மா வார்த்தைக்கு அர்த்தம் பார்க்காதீங்க என்றார். அவளும் பார்க்கவில்லை. "ஏனுங்க," என்றாள், "அந்தப் புள்ளைக்குங்களா?" அவரிடமிருந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ வர வழியில்லை. பாட்டுத்தான் வந்தது. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

எழுந்தாள். சொம்பில் பானைத் தண்ணீரை எடுத்தாள். இவரைத் தனியே விட்டுவிட்டுப் போகலாமா, கட்டிலில் இருந்து நழுவினால், ஐந்து நிமிசம்தானே, ஐந்து நிமிசத்தில் என்னவெல்லாமோ ஆகும், ஆகட்டும் என்று கதவை வெறுமனே சாத்திவிட்டு இறங்கினாள். சந்து அனலாகக் கிடந்தது. எதிர்க் கட்டடத்துக்குள் அவள் காலே வைத்ததில்லை. அவர்கள் அங்கே இருப்பதும் இவர்கள் இங்கே இருப்பதும் இரண்டு ஊர்போலத்தான், தண்ணி லாரி வரும் நாளில் குடத்துக்குக் குடம் முறைத்துக்கொள்வதோடு சரி. இரும்புப் படி செருப்பையும் மீறிச் சுட்டது. பெண் காலடிச் சத்தத்தில் தலையைத் தூக்கினாள். சின்ன வயசு, கோகிலவாணியைவிடச் சின்னவள், மூக்குத்தி, அழுது வீங்கின கண். பயந்து எழுந்திருக்கப் போனாள், யாரோ துரத்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். துளசிமணி எதைச் சொன்னாலும் அவளுக்கு விளங்காது. சொம்பை நீட்டினாள். பெண் சொம்பைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, மோவாயிலும் கழுத்திலும் வழிய வழியக் குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மீதியையும் குடித்தாள்.

குடித்துவிட்டு அவள் பேசினாள். இந்தியோ ஒடியாவோ, துளசிமணிக்கு எதுவும் பிடிபடவில்லை. வேகமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனைக் காட்டி, கையை விரித்து, தூரத்தில் எங்கோ காட்டி. நடுவில் மா, மா என்று ஒரு சொல் வந்தது, அது அம்மாவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். யாராவது செத்துவிட்டார்களா. வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களா. எவனாவது கை வைத்தானா. துளசிமணி அவள் கழுத்தையும் கையையும் கண்ணாலேயே தடவிப் பார்த்தாள், காயம் எதுவும் தெரியவில்லை, தெரியாத இடத்தில் இருந்தால். உச்சிவெயிலில் ஒரு புள்ளை இப்படி உட்கார்ந்து அழுதால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதை யாரிடம் கேட்டு யாரிடம் சொல்வது, இவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது, தன் வீட்டில் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவள் இவளுக்கு என்ன செய்துவிட முடியும். ஆமாங் கண்ணு, ஆமாம் என்று மட்டும் பேச்சு நின்ற இடங்களில் சொன்னாள். எதற்கு ஆமாம் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டாள். பேசி ஓய்ந்ததும் பெண் சந்துக்கு அந்தப் பக்கம் துளசிமணி வீட்டு ஜன்னலைக் காட்டி, தன் காதைத் தொட்டு, ஏதோ கேட்டாள். பாட்டைத்தான் கேட்கிறாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது, இத்தனை நேரமும். "எங்கூட்டுக்காரருங் கண்ணு," என்றாள் துளசிமணி, "பேச முடியாது அவருக்கு." பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, தலையை ஆட்டினாள். பிறகு துளசிமணி அந்தச் சூட்டுப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்ணின் தோள் துளசிமணியின் கையில் சாய்ந்தது, முதலில் லேசாக, பிறகு முழுப் பாரத்தோடு. அவள் மறுபடி அழுதாள், இந்தத் தடவை சத்தமாக. போக வேண்டும், அவர் தனியாக இருக்கிறார், நழுவியிருந்தால். எழுந்தால் இந்தத் தலை எங்கே சாயும். ஜன்னலில் பார்த்தாள், வெளிச்சத்தில் உள்ளே இருட்டாகத்தான் தெரிந்தது, கட்டில் கம்பி ஒன்று மட்டும் மினுங்கியது. பாட்டு நின்றிருந்தது. எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை. நல்லதுக்கு நின்றதா, கெட்டதுக்கு நின்றதா. பெண்ணின் தலையைத் தூக்கி, கன்னத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு, வந்தர்றேன் கண்ணு, சித்தெ இரு என்று சொல்லி, ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

அவர் நழுவவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார், கண் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்தது. வேட்டியும் விரிப்பும் நனைந்து மெத்தைவரை இறங்கியிருந்தது. போய்வந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள். பாட்டிலை வைத்தபோது வராதது. துளசிமணிக்குக் கோபம் வரவில்லை, வருவதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. வெந்நீர் வைத்தாள். அவரை ஒருபக்கமாகப் புரட்டி ஈரத்தை உருவினாள், துடைத்தாள், ஏனுங்க, தண்ணி குடுத்துட்டு வந்தேனுங்க, குடிச்சா என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள், எதுக்கு அழுவுதுன்னு தெரியலீங்க, நான் கேக்கவும் இல்லை, கேட்டாலும் எனக்கு வெளங்காது. அவர் பதிலுக்குப் பாடவில்லை. புது விரிப்பைத் திணிப்பதற்காக அவள் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். அப்போது அவருடைய இடது கை எழுந்து அவள் இடுப்பில் பட்டது. வலிக்குதுங்களா என்றாள். கை இன்னொரு தடவை தள்ளியது, பக்கவாட்டில். அவள் கையில் ஈரத் துணியோடு நிமிர்ந்தாள். கை இன்னும் தள்ளியது. நகர்ந்து நின்றாள்.

எதிர்ப் படிக்கட்டில் பெண் எழுந்து நின்றிருந்தாள். போனைப் பொறுக்கித் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள், ஒவ்வொரு படியாக, வயசானவள் மாதிரி. நாச்சிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். துளசிமணியும் கட்டிலோரம் நின்று பார்த்தாள். பெண் மேல்படிக்குப் போய்க் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போவாளா திரும்பி இறங்குவாளா என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.